பிரசவ விடுப்பால் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி (டி.ஆர்.பி.) பாதியில் நின்றது: மீதியை மட்டும் முடித்தால் தேர்வுக்கு ஏற்பார்களா?

எங்கள் துறையில் எம்.டி. பொது மருத்துவம் 2023 பேட்ச் மாணவி ஒருவர். மாவட்ட மருத்துவமனைப் பயிற்சியை (டி.ஆர்.பி.) ஐந்தாவது செமஸ்டருக்குப் போட்டிருந்தோம். இரண்டாவது மாதத்தில் குறைப்பிரசவம். அங்கிருந்தே பிரசவ விடுப்பு. இப்போது திரும்பிவிட்டார்.

முதுநிலை மருத்துவக் கல்விக்கான பி.ஜி.எம்.இ.ஆர். 2023 விதிகளை வரிவரியாகப் பார்த்தாயிற்று. டி.ஆர்.பி. மூன்று மாதம், 3, 4 அல்லது 5வது செமஸ்டரில். அதைத் திருப்திகரமாக முடித்தால்தான் இறுதித் தேர்வு. 80% வருகை வேண்டும். அனுமதித்த விடுப்பைத் தாண்டினால் அத்தனை நாளும் படிப்புக்காலம் நீளும். நீளட்டும், அதில் சிக்கல் இல்லை. டி.ஆர்.பி.யை இரண்டு தவணையாக முடிக்கலாமா என்பதற்குத்தான் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. ஆறாவது செமஸ்டரில் மீதியைச் செய்தால் அதுவே விதிமீறல் ஆகுமோ என்ற பயம் வேறு.

மாவட்ட ஒருங்கிணைப்பாளர் மீதி நாட்களுக்கு அனுப்புங்கள் என்கிறார். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவோ ஒரே தொடக்கத் தேதி, ஒரே முடிவுத் தேதி உள்ள சான்றிதழ் கேட்கிறது. படிவத்தில் இருப்பதும் அந்த இரண்டு கட்டம்தான். தேசிய மருத்துவ ஆணையத்துக்கு (என்.எம்.சி.) டீன் வழியாக மெயில் போனது, பதில் இல்லை. இ-லாக்புக், வருகைப்பதிவு, பிரசவ விடுப்பு ஆணை மூன்றும் தேதி பிசகாமல் கையில் இருக்கின்றன.

2023 விதிகளின்கீழ் டி.ஆர்.பி.யை இரண்டு பகுதியாக முடித்து ஹால் டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தால், சான்றிதழை எந்த வாசகத்தில், யார் கையெழுத்தோடு கொடுத்தீர்கள்?