ஊருணியும் யூனியன் ஆபீசும்

காரைக்குடி பக்கத்திலிருந்து:

எங்கள் ஊர்க் குடிநீர்க் குளமான ஊருணி நகரத்தார் வெட்டிப் படித்துறை கட்டியது. குடிக்க மட்டுமே. கால் நனைத்தாலோ மாட்டை இறக்கினாலோ ஊர்க்கூட்டத்தில் தண்டம். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய், ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்காலைச் சீர்செய்வார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருக்குழாய்க்கு வந்ததும் அந்தக் காவல் தானாகவே விட்டுப்போனது. இப்போது வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம்.

போன கோடையில் குழாய் வறண்டபோது காலிக்குடங்களோடு யூனியன் ஆபீசுக்குத்தான் போனோம். நாமே தூர்வாரலாமே என்றேன். "எஸ்டிமேட் இல்லாம மண்ணைத் தொட்டா கேஸ் வரும்ப்பா" என்றார் ஒரு பெரியவர். அந்தப் பயம் நியாயமானது. கண்மாய்களும் இப்படித்தான்: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலம்) இருந்தால் பொதுப்பணித்துறை, குறைந்தால் ஒன்றியம் என்று பிரித்துக்கொண்டார்கள். மடை உடைந்தால் மனு எழுதுவதுதான் ஊர்க்காரன் வேலை என்றாகிவிட்டது. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தேவகோட்டை பக்கத்திலிருந்து:

அண்ணே, எங்கள் ஊரிலும் அப்படி ஓர் ஊருணி உண்டு. அதில் எங்கள் தெரு ஆட்கள் இறங்கக்கூடாது. அம்மா கரையில் குடத்தோடு நிற்பார். யாராவது மொண்டு ஊற்றினால்தான் தண்ணீர். குழாய் வந்த பிறகுதான் யாரையும் கெஞ்சாமல் குடம் நிறைந்தது. நூறு நாள் வேலை 2006-இல் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்து அம்மா வேலைக்குப் போனது அப்போதுதான். அரசை நம்பிக் கிடக்கிறார்கள் என்று எங்களைச் சொல்பவர்கள், அதற்குமுன் நாங்கள் யாரை நம்பிக் கிடந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். ஊரே சேர்ந்து நீர்நிலைகளைப் பராமரித்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர்; 2017-இல் அரசு அந்தப் பழைய பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது, பாசன விவசாயிகள் சங்கம் வழியாக. எங்கள் ஊரில் சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள். மண்வெட்டியோடு போனவர்களை ஜேசிபி வருது, தள்ளி நில்லுங்கள் என்றார்கள்.

காரைக்குடி பக்கத்திலிருந்து:

நீங்கள் சொன்னது சரி, தங்கச்சி. எங்கள் ஊரிலும் எல்லாத் தெருவும் இறங்கும் ஊருணியாக இருந்தால்தான் தூர்வார வேண்டும். மே 1 கிராமசபையில் இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதித் தரப்போகிறேன்.