குக்கீயும் கொலையும்: நாவலுக்குள் வரும் சமையல் குறிப்பு சென்னை அடுப்பில் தேறுமா?

கோட்டூர்புரம் வாசகி

சமையலும் துப்பறிதலும் கலந்த நாவல்கள் என்று ஒரு வகை உண்டு. கொலை நடக்கும், ஆனால் ரத்தத்தை விவரிக்க மாட்டார்கள். துப்பறிவது போலீஸ் இல்லை. பேக்கரி நடத்தும் பெண், அல்லது விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். இரண்டு அத்தியாயத்துக்கு ஒருமுறை முழு அளவோடு ஒரு சமையல் குறிப்பு வரும். 1982-இல் வெர்ஜீனியா ரிச், 1990-இல் டயான் மோட் டேவிட்சன், 2000-இல் ஜோன் ஃப்ளூக் என்று ஒவ்வொருவராகத் தொடங்கிய வரிசைகளால் அமெரிக்காவில் இதற்கென்றே வாசகர் கூட்டம் உண்டு. நம்ம ஊரிலும் இவற்றைத் தேடித் தேடி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: இந்த நாவல்களில் சமையல் குறிப்பும் ஒரு சாட்சியம். துப்புகளை வாசகர் கண்ணெதிரே நேர்மையாக வைக்க வேண்டும் என்று கேட்கிறோம் இல்லையா, குறிப்புக்கும் அதே நேர்மை வேண்டும். அளவு பொய் சொன்னால் கதையின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. செய்து பார்த்தவர்கள், எது தேறியது, எது சொதப்பியது, ஏன் என்று விவரமாக எழுதுங்கள்.

மாம்பலம்

முதல் பழியை எழுத்தாளர் மேல் போடாதீர்கள், கப் மேல் போடுங்கள். அமெரிக்க கப் சுமார் 240 மில்லி. மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம். கப்பை நேராக டப்பாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 140, 150 வரை போகும். குறிப்பில் இரண்டரை கப் என்றிருந்தால் ஐம்பது அறுபது கிராம் மாவு கூடிவிடும். அந்தக் குக்கீ பரவாது, கட்டியாக நிற்கும், மறுநாள் பல்லைப் பதம் பார்க்கும். சமையல் தராசு ஒன்று வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சர்க்கரை ஒரு கப் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பட்டர். 'ஒரு ஸ்டிக்' என்றால் 113 கிராம். இரண்டு ஸ்டிக் கேட்கும் இடத்தில் நம்ம 100 கிராம் பாக்கெட் இரண்டைப் போட்டால் 26 கிராம் குறையும். கடையில் சுலபமாகக் கிடைப்பது உப்புப் போட்ட மஞ்சள் பட்டர். அதைப் போட்டால் குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெய் நெய் காய்ச்சத்தான் சரி. அதில் தண்ணீரும் மோரும் கூடுதலாக நிற்பதால் குக்கீ மொறுமொறுப்பு வராது.

முட்டையையும் எண்ணாதீர்கள், எடை போடுங்கள். அவர்கள் 'பெரிய முட்டை' என்றால் ஓடில்லாமல் 50 கிராம். நான்கு முட்டை கேட்கும் கேக்குக்கு இங்கே கிடைக்கும் சிறிய முட்டை ஐந்துகூடத் தேவைப்படலாம்.

பெரம்பூர்

மாம்பலம் சார் சொன்னதோடு வெயிலையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் குளிர் மாநிலமான மின்னசோட்டாவில் நடக்கும் கதையில் 'பட்டர் அறை வெப்பத்தில் இருக்கட்டும்' என்று எழுதினால் அவர்கள் அறை 20, 21 டிகிரி. மே மாதம் பெரம்பூரில் மதியம் மேடைமேல் வைத்த பட்டர் கால் மணியில் ஓரம் உருகி எண்ணெயாகப் பளபளக்கும். அந்த நிலையில் சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே நிற்காது. கேக் அடர்த்தியாக உட்காரும். குக்கீ தட்டு முழுக்க ஓடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பட்டர் சரியான பதத்தில் இருக்கிறதா என்று விரலால் பார்க்கலாம். அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுக்கம் தெரியக் கூடாது. கோடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடமே போதும். மாவைப் பிசைந்து உருட்டிய பிறகு ஒரு மணி நேரம் திரும்ப உள்ளே வையுங்கள். முதல் ஈடு எடுத்த சூட்டுத் தட்டில் அடுத்த ஈட்டை வைக்கவே வைக்காதீர்கள். ஓவனுக்குள் போகும் முன்பே உருக ஆரம்பித்துவிடும். இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம்.

சாக்லேட் சிப்ஸ் வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். காம்பவுண்ட் வகையில் கோகோ பட்டருக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்புதான் இருக்கும். வடிவம் கெடாது, ஆனால் வாயில் மெழுகு மாதிரி நிற்கும். பாரிமுனைப் பக்கம் பேக்கரிச் சாமான் கடைகளில் இரண்டு வகையும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

திருவான்மியூர்

சுருக்கமாக இரண்டு விஷயம். அவர்கள் 'பட்டர்மில்க்' என்பது நம்ம நீர்மோர் இல்லை, கெட்டியாகப் புளிக்கவைத்த பால். முக்கால் கப் உப்பில்லாத கெட்டித் தயிரைக் கால் கப் தண்ணீர் விட்டு அடித்தால் சரியாக வரும். அந்தப் புளிப்பு இருந்தால்தான் சோடா உப்பு வேலை செய்யும். புளிப்பே இல்லாத மாவில் சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடை அடிக்கும்.

டெட்ரா பேக்கில் வரும் 25 சதவீதக் கிரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் நுரைத்து நிற்காது. கேக் மேலே தடவ 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு உள்ள விப்பிங் கிரீம் வேண்டும். அதையும் பாத்திரத்தோடு குளிரவைத்துத்தான் அடிக்க வேண்டும்.

மயிலாப்பூர்

அளவு எல்லாம் சரி. எனக்கு இந்த நாவல்களில் பிடித்ததே வேறு: சமையலின் நேரக்கணக்குதான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். நம்ம பலகாரங்களை வைத்து இப்படி ஒரு கதை எழுதினால் எவ்வளவு வலுவாக இருக்கும்!

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'காலையில் எழுந்து அரிசி ஊறப்போட்டு, மதியமே சுட்டுவிட்டேன்' என்று ஒருவர் சாட்சி சொன்னால், செய்யத் தெரிந்த எந்தப் பெண்மணியும் அந்த இடத்திலேயே நம்ப மாட்டார். பச்சரிசி இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும். வடித்துத் துணியில் நிழலில் உலர்த்த வேண்டும், அதுவும் முழுக்கக் காயக் கூடாது. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. இடித்துச் சலித்த மாவையும் ஈரம் போகாமல் மூடி வைக்க வேண்டும். ஒரு கப் அரிசிக்கு முக்கால் கப் பொடித்த வெல்லம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் சேர்த்து உருட்ட மென்மையான உருண்டையாக வர வேண்டும். மாவைக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூடி, குறைந்தது ஒரு நாள் விட வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் இன்னும் நல்லது.

பாகு இளகலாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரையும். முற்றிவிட்டால் கல். மாவு காய்ந்திருந்தால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும். இந்த மூன்றில் எது நடந்திருக்கிறது என்று தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓரம் வெடித்த அதிரசம் ஒன்று கிடந்தால் அது கைரேகைக்குச் சமம். சமைத்தவர் எந்தக் கட்டத்தில் அவசரப்பட்டார் என்று அது சொல்லும்.

குரோம்பேட்டை

மயிலாப்பூர் மேடம் பொய்யை உடைக்க அதிரசம் என்றார். ஆளைக் காப்பாற்ற மைசூர்பாகு! கடலைமாவு ஒன்று, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு என்று வைத்தால், பாகு ஒற்றைக் கம்பி வந்ததிலிருந்து தட்டில் கொட்டும் வரை கையெடுக்க முடியாது. பக்கத்து அடுப்பில் நெய் சூடாகவே இருக்க வேண்டும். கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் மாவு நெய்யைக் குடிப்பதை நிறுத்தி, நுரைத்துப் பூத்து, ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். அந்தக் கணத்தில் கொட்டியாக வேண்டும். முன்னால் எடுத்தால் அல்வா மாதிரி இழுக்கும். கொஞ்சம் தாண்டினால் பொடி உதிரும். தட்டில் நல்ல துளைகளோடு, நடுவில் மட்டும் நிறம் ஏறிய மைசூர்பாகு இருந்தால் சமைத்தவர் கடைசிக் கட்டத்தில் அடுப்படியை விட்டு நகரவில்லை. வக்கீலே தேவையில்லை.

ஆனால் கோட்டூர்புரம் மேடத்திடம் ஒரு மாறுபாடு. குறிப்பு முழுவதையும் கதையின் நடுவில் போடுவதை ஏற்க முடியவில்லை. பூட்டிய அறைக்குள் கதாநாயகி மாட்டிக்கொண்ட பக்கத்துக்கு அடுத்த பக்கம் 'முக்கால் டீஸ்பூன் பட்டைப்பொடி' என்று வந்தால் வேகம் போய்விடுகிறது. புத்தகக் கடைசியில் மொத்தமாகப் போடட்டும்.

கோட்டூர்புரம் வாசகி

குரோம்பேட்டை சார், கடைசியில் போட்டால் பலர் படிக்காமலே மூடிவிடுவார்கள். துப்பைக் குறிப்புக்குள் ஒளித்துவைக்கும் வாய்ப்பும் போய்விடும். உதாரணமாக, வேர்க்கடலை ஒவ்வாமையால் ஒருவர் சாகிறார் என்று வையுங்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சாது, செக்கெண்ணெயில் மிஞ்சும். அப்படியானால் குறிப்பில் வெறுமனே 'எண்ணெய்' என்று போட்டதற்கும் 'செக்குக் கடலெண்ணெய்' என்று போட்டதற்கும் நடுவில்தான் கொலையாளி நிற்கிறான். அது அத்தியாயத்தின் நடுவே, பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

மாவு புளிப்பதும் அப்படித்தான். ஈஸ்ட் போட்ட மாவு இரட்டிப்பாகக் குளிர்நாட்டுக் குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்றிருந்தால் இங்கே கோடையில் முக்கால் மணியிலேயே பொங்கிவிடும். இட்லி மாவும் மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் தயார், மார்கழியில் பத்துப் பன்னிரண்டு ஆகும். பொங்கி அமுங்கிய மாவு பாத்திரத்தின் உள்சுவரில் ஒரு காய்ந்த கோடு விட்டுவிட்டுத்தான் இறங்கும். எவ்வளவு மேலே போனது என்பது அங்கே எழுதியே இருக்கும். மாதத்தைச் சொல்லாமல் மாவை வைத்து நேரம் கணக்கிடும் கதை என்றால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்பத்தூர்

எல்லாம் படித்தேன், அருமை. வீட்டில் ஓவன் இல்லை, குக்கர்தான். இந்த நாவல்களில் வரும் எதையாவது செய்ய முடியுமா?

மாம்பலம்

கேக் வரும், குக்கீ வராது. குக்கரில் சூடு கீழிருந்துதான் ஏறும். மேல்சூடு இல்லாததால் குக்கீயின் மேல்புறம் வெளுத்தே இருக்க, அடிப்புறம் கருகும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அடியில் ஒரு கப் கல்லுப்புப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தண்ணீர் விடக் கூடாது. கேக் டின்னை வைத்ததும் தீயைச் சிம்மில் போடுங்கள். 35 நிமிடத்துக்கு முன் திறக்க வேண்டாம். குச்சி குத்தி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

வாழைப்பழக் கேக்கில் தொடங்குங்கள், அநேகமாக எல்லா வரிசையிலும் ஒன்று இருக்கும். அவர்கள் சொல்லும் பழம் நம்ம மோரிஸ். தோல் முக்கால்வாசி கறுத்த பழமாக எடுத்து மசித்து, 'மூன்று பழம்' என்றால் ஒரு கப் கூழ் என்று கணக்கு வையுங்கள். பூவன் சிறியது, புளிப்பும் உண்டு. அதைப் போடுவதானால் எண்ணிக்கையைப் பார்க்காமல் அந்த ஒரு கப்பை நிரப்புங்கள்.