எஸ்டர் அமைடாக மாறுகிறது. அமைடு ஏன் எளிதில் எஸ்டராக மாறுவதில்லை?

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி):

வணக்கம். கார்பாக்சிலிக் அமிலப் பெறுதிகளின் வினைத்திறன் அமில குளோரைடு, அமில நீரிலி, எஸ்டர், அமைடு என்ற வரிசையில் குறைந்துகொண்டே செல்கிறது என்பதை மனப்பாடம் செய்துவிட்டேன். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பிடிபடவில்லை. எலக்ட்ரான் கவர்திறன் மிகுந்த அணு, கார்பனைல் கார்பனிலிருந்து (ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்புள்ள கார்பன்) எலக்ட்ரான்களை இழுப்பதால் அக்கார்பன் கருக்கவர் பொருளின் (எலக்ட்ரான் இணையைத் தரும் பொருள்) தாக்குதலுக்கு எளிதில் உள்ளாகிறது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஆனால் பாலிங் அளவீட்டில் நைட்ரஜனுக்கு 3.04, குளோரினுக்கு 3.16, ஆக்சிஜனுக்கு 3.44 என்று இருக்கிறது. அந்தக் கணக்கின்படி எஸ்டர் அல்லவா அமில குளோரைடை முந்த வேண்டும்? மேலும், எத்தில் எத்தனோயேட்டுடன் அம்மோனியா வினைபுரிந்து எத்தனமைடைத் தருகிறது. எத்தனமைடுடன் எத்தனாலைச் சேர்த்தால் மட்டும் எஸ்டர் திரும்பக் கிடைப்பதில்லையே, ஏன்?

பெயரிடுவதிலும் ஒரு சிக்கல். மெத்தில் எத்தனோயேட், எத்தில் மெத்தனோயேட் ஆகிய இரண்டையும் தேர்வில் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தேன்.

மறுமொழி 1 (மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்):

பெயரை முதலில் முடித்துவிடலாம். அமைப்பு வாய்பாட்டை வரைந்து, இரட்டைப் பிணைப்புள்ள ஆக்சிஜன் எந்தக் கார்பனில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கார்பனையும் சேர்த்து எண்ணினால் வருவது அமிலப் பகுதி. அது பெயரின் பின்பாதியில் 'ஓயேட்' என்று முடியும். ஒற்றைப் பிணைப்புள்ள ஆக்சிஜனுக்கு அப்பால் இருப்பது ஆல்கஹாலிலிருந்து வந்த ஆல்கைல் தொகுதி. அது பெயரின் முன்பாதி. வாய்பாட்டை எழுதும்போது பெரும்பாலும் அமிலப் பகுதி இடப்புறமும் ஆல்கைல் தொகுதி வலப்புறமும் அமைவதால், இடமிருந்து வலமாகப் படித்தபடியே பெயரிடுகிறவர்கள்தான் இப்படி மாற்றி எழுதுகிறார்கள். விடைத்தாள் திருத்தும்போது ஆண்டுதோறும் நான் காணும் பிழை இது.

இதே இனத்தில் இன்னொரு பொறி நைட்ரைல். மெத்தில் சயனைடு என்று வழங்கும் சேர்மத்தின் முறையான பெயர் எத்தேன்நைட்ரைல். சயனைடு தொகுதியின் கார்பனும் கணக்கில் சேரும். அதை நீராற்பகுத்தால் முதலில் எத்தனமைடும் பிறகு எத்தனாயிக் அமிலமும் கிடைப்பதை நினைவில் வைத்தால் எண்ணிக்கை தவறாது.

மறுமொழி 2 (கரிம வேதியியல் ஆய்வு மாணவர்):

எலக்ட்ரான் கவர்திறன் மட்டும் போதாது என்பதை நீங்களே எண்களைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டீர்கள். இவ்வினைகள் ஒரே படியில் நிகழ்வதில்லை. கருக்கவர் பொருள் முதலில் கார்பனைல் கார்பனுடன் சேர்ந்து ஒரு நான்முகி இடைநிலைப் பொருளைத் தருகிறது. பிறகு ஒரு தொகுதி வெளியேறி இரட்டைப் பிணைப்பு மீண்டும் உருவாகிறது. 1951-இல் வேதியியலாளர் மைரன் பெண்டர், கார்பனைல் ஆக்சிஜனை ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பு) கொண்டு அடையாளப்படுத்திய பென்சாயிக் அமில எஸ்டர்களை நீராற்பகுத்து, வினை முடியும் முன்பே நிறுத்திப் பார்த்தபோது, இன்னும் வினைபுரியாமல் எஞ்சியிருந்த எஸ்டரும் அந்த ஆக்சிஜனில் ஒரு பங்கை இழந்திருந்தது. இடையில் ஒரு நான்முகி நிலை இல்லாமல் அப்படி நேர வழியில்லை.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எஸ்டருடன் அம்மோனியா சேர்ந்தாலும் அமைடுடன் ஆல்கஹால் சேர்ந்தாலும், இடைநிலையில் ஒரே கார்பன்மீது ஆக்சிஜன் தொகுதியும் நைட்ரஜன் தொகுதியும் இருக்கின்றன. எது வெளியேறும்? ஒரு தொகுதி புரோட்டானை ஏற்றால் கிடைப்பது அதன் இணை அமிலம். அமில வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்பு குறையக் குறைய அந்த அமிலம் வலுவானது, அந்தத் தொகுதியும் எளிதில் வெளியேறும். எத்தாக்சைடின் இணை அமிலமான எத்தனாலின் பிகேஏ மதிப்பு சுமார் 16. அமைடு அயனியின் (NH₂⁻) இணை அமிலமான அம்மோனியாவுக்கோ அது சுமார் 38. எனவே எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் வெளியே போவது எத்தாக்சைடுதான், நைட்ரஜன் தங்கிவிடும். குளோரைடின் இணை அமிலத்திற்கு இம்மதிப்பு சுழிக்கும் கீழே, சுமார் –7. வெளியேறும் தொகுதியின் தரம் ஒன்றே முழு வரிசையையும் தீர்மானித்துவிடுகிறது.

மறுமொழி 3 (கல்லூரிப் பேராசிரியர்):

மேலே உள்ள விளக்கத்தின் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. பல வினைகளில் வேகத்தை நிர்ணயிப்பது முதல் படியான சேர்க்கையே. அப்போது வெளியேறும் தொகுதி இன்னும் அசையவே தொடங்கவில்லை. அங்கே கணக்கில் வருவது உடனிசைவு, அதாவது எலக்ட்ரான்கள் அடுத்தடுத்த அணுக்களிடையே பரவி மூலக்கூறை நிலைப்படுத்துவது. நைட்ரஜன் தன் தனித்த இணை எலக்ட்ரான்களைக் கார்பனைல் தொகுதிக்குத் தாராளமாகக் கொடுக்கிறது. ஆக்சிஜன் சற்றுக் கையிறுக்கத்துடன் கொடுக்கிறது. குளோரினின் 3p ஆர்பிட்டால் கார்பனின் 2p ஆர்பிட்டாலுடன் சரியாக மேற்பொருந்தாததால் அது ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை, இழுக்க மட்டும் செய்கிறது. மாணவி கேட்ட முதல் கேள்விக்கு விடை இதுதான்: ஆக்சிஜன் குளோரினைவிட வலுவாக இழுத்தாலும், இழுத்ததைவிட மிகுதியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அகச்சிவப்பு நிறமாலையிலும் இதன் சாயல் தெரியும்: கார்பனைல் அதிர்வு அமில குளோரைடில் 1,800 செ.மீ⁻¹ அருகிலும், சாதாரண எஸ்டரில் 1,740 அருகிலும், அமைடில் 1,650 முதல் 1,690 வரையிலும் அமைகிறது. இரட்டைப் பிணைப்புத் தன்மை குறையக் குறைய எண்ணும் இறங்குகிறது.

கேள்வி கேட்ட மாணவி:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் அமைடு எஸ்டராக மாறுவது ஒருபோதும் நடக்காதா?

மறுமொழி 3-ஐ எழுதியவர்:

கடுமையான சூழலில் அமைடும் பணியும். புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரிக்க, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 24 மணி நேரம் சூடாக்குவது ஆய்வகங்களின் வழக்கமான முறை. ஆனால் நீங்கள் கேட்ட மாற்றம் மிதமான உடல் வெப்பநிலையிலேயே நடக்கும் ஓர் இடம் உண்டு: பென்சிலின். அதிலுள்ள பீட்டா-லாக்டம் ஒரு நாற்கோண வளைய அமைடு. வளையத்தின் இறுக்கமும், பக்கத்து வளையத்துடன் இணைந்திருப்பதால் நைட்ரஜன் தட்டையாக அமைய முடியாத நிலையும் சேர்ந்து, நான் மேலே சொன்ன உடனிசைவை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் நொதியில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தின் ஹைட்ராக்சில் தொகுதி அந்தக் கார்பனைலைத் தாக்குகிறது. வளையம் திறந்து, அமைடு எஸ்டராகி நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. நொதி செயலிழக்கிறது. மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்கள் பலவற்றில் உள்ள பீட்டா-லாக்டமேஸ் நொதியும் பெரும்பாலும் இதே வழியில் எஸ்டரை உருவாக்கி, பிறகு அதை நீரால் விரைவாகப் பகுத்துத் தன்னை விடுவித்துக்கொள்கிறது.