விழித்திரைச் சிப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அண்ணனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் பரம்பரை நோய்). இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிகிறது.

ஆர்கஸ் 2 என்ற விழித்திரைச் சிப் பற்றிப் படித்தோம். கண்ணாடியில் கேமரா, விழித்திரை மேல் 60 மின்முனைகள். கிடைப்பது ஒளிப்புள்ளிகள்தான்; கதவின் விளிம்பு பிடிபடலாம், முகம் தெரியாது. அதுவே போதும் என்கிறார் அண்ணன். ஆனால் 2019-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்களாம். சரி, ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களுக்குக் கருவி பழுதானால் யார் பார்ப்பது? எனக்கு இதுதான் உறுத்துகிறது.

378 பிக்சல் கொண்ட பிரிமா என்ற இன்னொரு விழித்திரைச் சிப்பின் பெரிய ஆய்வு, முதுமையில் மையப் பார்வை இழந்தவர்களிடம் நடந்தது. அண்ணனின் நோய்க்கு ஆள் சேர்க்கும் ஆய்வு ஏதாவது இருக்கிறதா? மூளையிலேயே பொருத்தும் வகையை யாராவது முயன்றீர்களா? ஆய்வில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், ஆய்வு முடிந்தபின் பராமரிப்பு யார் பொறுப்பு என்று போட்டிருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.