திரிபிலியா கிராமம்: அந்தப் பழங்கால ஊர்கள் இங்கேதான் இருந்தனவா?

நிலவன்:
உக்ரைனின் வரலாற்றுக்கு முந்தைய திரிபிலியப் பண்பாடு பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வண்ணம் தீட்டிய பானைகள், ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த பெரிய ஊர்கள், எரிந்துபோன வீடுகள், எல்லாமே வியப்பாக இருக்கிறது. வரைபடத்தில் தேடினால் கீவுக்குத் தெற்கே, தினேப்பர் ஆற்றின் வலக்கரையில் திரிபிலியா என்று ஒரு சின்னக் கிராமம்தான் வருகிறது. அந்தப் பெரிய ஊர்கள் அங்கேயா இருந்தன? பெயர் கொடுத்ததைத் தவிர இந்தக் கிராமத்துக்கென்று ஏதாவது வரலாறு உண்டா?

பானையோடு:
இல்லை நண்பரே, பலரும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். 300 ஹெக்டேருக்கும் மேல் பரந்த தால்யான்கி, பக்கத்திலுள்ள மைதனெட்ஸ்கே எல்லாம் இன்னும் தெற்கே, உமான் நகரத்தின் பக்கம். 1890களில் விக்கென்டி ஹ்வொய்கா என்ற ஆய்வாளர் இந்தக் கிராமத்தை ஒட்டித் தோண்டினார், அதனால்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. சுட்ட களிமண் தளங்களைப் பார்த்து அவை இறந்தவர்களுக்காகக் கட்டியவை என்று அவர் முடிவு செய்தார். 1930களில் பக்கத்து ஊரான ஹலேப்பியா அருகே முழுக் குடியிருப்பையே தோண்டிப் பார்த்த பிறகுதான் அவை மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்பது உறுதியானது. ருமேனியாவில் இதே பண்பாட்டைக் குக்குத்தேனி என்பார்கள்.

ஆற்றங்கரை:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், எனக்கு இந்தக் கிராமத்தில் பிடித்ததே அதுதான். ஸ்துக்னா என்ற சின்ன ஆறு இந்தப் பக்கத்தில்தான் தினேப்பரில் சேர்கிறது. 11ஆம் நூற்றாண்டில் கீவ் அரசுக்கு அது தெற்கு எல்லை மாதிரி, அதைத் தாண்டினால் குதிரைப்படையோடு வரும் கூமன் நாடோடிகளின் புல்வெளி. 1093 மே மாதத்தில் மூன்று இளவரசர்கள், பொறுத்திருக்கலாம் என்று அவர்களில் ஒருவரான விளாதிமிர் மோனோமாக் சொல்லியும் கேட்காமல், வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த ஸ்துக்னாவைக் கடந்து போய் இந்த ஊர்ப் பக்கம் போரிட்டுத் தோற்றார்கள். திரும்பி ஓடும்போது மோனோமாக்கின் தம்பி ரொஸ்திஸ்லாவ் அதே ஆற்றில் மூழ்கி இறந்தார், காப்பாற்றப் போன மோனோமாக்கும் மூழ்கப் பார்த்தார். எதிரியின் படையை விட, முதுகுக்குப் பின்னால் விட்டுவந்த ஆறுதான் அன்று அவர்களைக் கொன்றது என்பேன்.

நிலவன்:
அருமை, இது எனக்குத் தெரியவே தெரியாது. அதற்கு அப்புறம்?

பானையோடு:
1919க்கு வாருங்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த உழவர் படைத் தலைவர் ஸெலேனி இந்த ஊரில் பிறந்தவர். கீவிலிருந்து அனுப்பப்பட்ட கொம்சமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் படையை அவர் ஆட்கள் இங்கே அழித்தார்கள். சோவியத் காலத்தில் இந்த ஊர் என்றால் பெரும்பாலோருக்கு அந்தச் சம்பவம்தான், பானைகள் அல்ல. ஒரே கிராமத்தை ஒவ்வொரு அரசும் தனக்கு வேண்டிய கதைக்காக மட்டும் நினைவில் வைத்திருந்தது என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆற்றங்கரை:
செய்திகளில் வரும் திரிபில்ஸ்கா அனல்மின் நிலையம் பக்கத்து ஊரான உக்ராயின்காவில் இருக்கிறது. 2024 ஏப்ரல் 11 அன்று ரஷ்ய ஏவுகணைகள் அதை அழித்தன. நிலவன், செயற்கைக்கோள் படத்தில் வசில்கிவ் நகரத்திலிருந்து ஸ்துக்னாவைப் பிடித்துக் கிழக்கே வந்து பாருங்கள். அந்த ஆற்றை ஒட்டித்தான் கீவ் அரசர்கள் கோட்டைகள் கட்டினார்கள், பாம்பு மதில்கள் எனப்படும் பழைய மண் அரண்களும் அந்தப் பகுதியில்தான்.