சதுரங்கத்தில் தோற்றதும் ஒடிந்துபோகும் மகன்: பெற்றோர் என்ன செய்யலாம்?

கேட்டவர்: ஒரு தாய், திருச்சி

என் மகனுக்கு வயது 12. மூன்று ஆண்டுகளாகச் சதுரங்கம் பயில்கிறான். சென்ற மாதம் ஒரு போட்டியின் நான்காம் சுற்றில் ராணியை வீணாகப் பறிகொடுத்துத் தோற்றான். வெளியே வந்தவன், ஆட்டத்தைக் குறித்திருந்த தாளைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, செருப்புகள் கிடந்த படிக்கட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அடுத்த சுற்றுக்கு எவ்வளவு அழைத்தும் எழவில்லை. அன்றிரவு "எனக்கு மூளையே இல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதான். "நீ புத்திசாலி, உன்னை யாராலும் ஜெயிக்க முடியாது" என்று சொல்லித்தான் அவனை வளர்த்தோம். அப்படியிருந்தும் ஒரு தோல்வியைத் தாங்கும் திடம் ஏன் வரவில்லை என்று புரியவில்லை. இப்போது வகுப்பிலும் கடினமான கணக்குகளைத் தொடாமலே விட்டுவிடுகிறான். போட்டிகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

பதில்: சதுரங்கப் பயிற்றுநர், ஈரோடு

நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் தோற்ற பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். தோற்றுவந்த பிள்ளையை அங்கேயே உட்கார வைத்து, பலகையை விரித்து, தவறான நகர்த்தலைச் சுட்டிக்காட்டுவதை நானே பல ஆண்டுகள் கடமையாகச் செய்துவந்தேன். கண்ணீர் முட்டி நிற்கும் நேரத்தில் எந்தப் பிள்ளையின் காதிலும் அது ஏறுவதில்லை என்பதை மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். முதலில் தண்ணீர், பிறகு ஏதாவது சாப்பாடு, பிறகு அமைதி.

மறுநாள் அந்தக் கசங்கிய தாளை எடுத்து, தான் நன்றாக ஆடியதாக நினைக்கும் மூன்று நகர்த்தல்களை முதலில் அவனையே காட்டச் சொல்லுங்கள். பிறகு, எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்பதை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நாம் சொன்னால் அது குற்றச்சாட்டாகப் போய்விடும். அவனாகக் கண்டுபிடித்தால் அடுத்த முறைக்கான கைப்பிடியாக நிற்கும்.

இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. அதில் தோற்றவர் வெளியேற்றப்படுவதில்லை. ஏறக்குறைய அதே புள்ளிகளில் இருக்கும் ஒருவருடன் அடுத்த சுற்றில் மோதுவார். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. சென்னைச் சதுரங்க வீரர் குகேஷ், உலகச் சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாம் சுற்றில் தோற்ற பிறகுதான் அதை வென்றார். அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியிலும் முதல் ஆட்டத்தையும் 12ஆம் ஆட்டத்தையும் இழந்து, 14ஆம் ஆட்டத்தில் பட்டத்தைக் கைப்பற்றினார். அந்த ஆட்டங்களை உங்கள் மகனுடன் உட்கார்ந்து பாருங்கள், ஆனால் "அவரைப் போல இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பதில்: பள்ளி மனநல ஆலோசகர், மதுரை

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிரைச் செய்து முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலிகள் என்றும், சிலரை நன்றாக முயன்றவர்கள் என்றும் பாராட்டினார்கள். பின்னர் கடினமான புதிரில் தடுமாறியபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களே எளிதில் சோர்ந்துபோனார்கள். காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான்: வெற்றி மூளைக்குச் சான்று என்றால், தோல்வி மூளையில்லாமைக்குச் சான்றாகிவிடுகிறது. உங்கள் மகன் அன்றிரவு சொன்ன வார்த்தையும் அதுவே, கணக்குகளைத் தொடாமல் விடுவதும் அதனால்தான். இது உங்கள் அன்பில் உள்ள குறை அன்று. நாம் எல்லோரும் அப்படித்தான் கொஞ்சுகிறோம். இனி, அவன் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள்: "இன்று அந்தக் கணக்கை மூன்று வழிகளில் போட்டுப் பார்த்தாயே" என்பது போல.

அழுகையை உடனே நிறுத்த முயலவும் வேண்டாம். "இதற்கெல்லாமா அழுவது" என்பதைவிட, "அவ்வளவு நேரம் நன்றாக ஆடிவிட்டுத் தோற்றது வலிக்கிறது, இல்லையா" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, நண்பர்களையும் அவன் தவிர்த்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னாலும் காத்திருக்காதீர்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பதில்: ஒரு தந்தை, கோயம்புத்தூர்

என் மகள் இறகுப்பந்து ஆடுகிறாள். போட்டி முடிந்து அவள் தொலைபேசியில் அழைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "ஜெயித்தாயா?" என்பதாகவே இருந்தது. தோற்ற நாட்களில் அவள் அழைப்பதையே நிறுத்திவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்கிறேன், மற்றதை அவளே சொல்கிறாள்.

கேட்டவர்: ஒரு தாய், திருச்சி

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை அந்தத் தாளை இருவரும் மேசையில் நீவி விரித்தோம். நல்ல நகர்த்தல்கள் மூன்று கேட்டேன், ஐந்து காட்டினான். ராணியை இழந்த இடத்தில் பென்சிலால் வட்டமிட்டு, "இங்கே அவன் குதிரையை நான் பார்க்கவே இல்லை அம்மா" என்றான். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. இன்று காலை அது எப்போது என்று அவனே கேட்டான்.