20,000 லூமன் டார்ச்: பெட்டியில போட்டிருக்கிறது வெளிய வருமா?

வயக்காட்டான்:
ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்புல போகணும். அதுக்குன்னு ஆன்லைன்ல ஒரு ஜூம் டார்ச் வாங்கினேன், 700 ரூபா. பெட்டியில 20,000 லூமன் (வெளிச்சத்தோட அளவு), 9,900 எம்.ஏ.எச். பேட்டரின்னு (அதுல எவ்ளோ சார்ஜ் நிக்கும்ங்கிற அளவு) கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வெளிச்சம் மோசமில்ல. ஆனா வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு அட்டையில 900 லூமன்னு இருக்கே. அதைவிட இருபது மடங்குன்னா ஊரே வெளுத்துடணுமே?

ஓம்விதி:
உள்ளே இருப்பது ஒற்றை 18650 செல்தானே, அதாவது டார்ச்சுகளில் வரும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி? அந்த அளவில் நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்.ஏ.எச். சுற்றித்தான் வரும். 9,900 என்பது மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையில் மட்டும்தான். அந்த 3,500-ஐ செல்லின் 3.6 வோல்ட்டால் பெருக்கினால், அதில் இருக்கும் மொத்த மின்சாரம் சுமார் 12.6 வாட்-மணி.

டார்ச்சில் வரும் வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். தாராளமாக 150 என்றே வைப்போம். 20,000 லூமனுக்கு 133 வாட் வேண்டும், அதாவது 36 ஆம்பியருக்கு மேல். இந்தச் செல் அதைத் தாங்காது. தாங்கினாலும் ஆறு நிமிஷத்தில் காலி, அதற்குள் டார்ச் சூடேறிக் கையில் பிடிக்க முடியாது. காரில் இருக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்பே 60 வாட் தின்றுவிட்டு ஹைபீமில் 1,650 லூமன்தான் தருகிறது. உங்கள் டார்ச் ஒரு ஆம்பியர் இழுக்கிறது என்றால், அதே கணக்கில் 540 லூமனைத் தாண்டாது.

கடைவீதி:
நான் இதே டார்ச்சை கடையில விக்கிறவன். சார் கணக்கு சரி, ஆனா கவுண்டர்ல வந்து நிக்கிறவர் கணக்கா கேக்கறார்? “அண்ணே, எவ்ளோ தூரம் அடிக்கும்?” இதான் கேள்வி. வாசல்ல நின்னு ஜூமை இழுத்து எதிர்ல இருக்கிற தண்ணி டேங்க் மேல அடிச்சுக் காட்டுவேன். படி ஏறுற இரும்பு ஏணி தெரியும். 4,000 ரூபா பிராண்டு டார்ச்சும் வச்சிருக்கேன், 1,000 லூமன், அதுல ஏணி தெரியாது. வாங்கறவர் கண்ணால பாத்துத்தான் வாங்கறார், இதுல யாரை ஏமாத்தினோம்?

ஓம்விதி:
தூரத்தைத் தீர்மானிப்பது லூமன் இல்லை, கேண்டெலா. மொத்த வெளிச்சம் லூமன். ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பது கேண்டெலா. டார்ச்சுகளை அளப்பதற்கான எஃப்.எல்.1 தர அளவின்படி, ஓர் இடத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது பௌர்ணமி நிலா அளவுக்குக் குறையும் இடம் வரைதான் ‘தூரம்’. 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400 மீட்டர். உங்கள் ஜூம் டார்ச் 300 லூமனை வைத்துக்கொண்டே டேங்கை எட்டலாம், அது அதன் லென்ஸின் திறமை. அப்படியானால் அதையே அச்சடிக்க வேண்டியதுதானே? 20,000 எதற்கு?

கடைவீதி:
பக்கத்துக் கடை பெட்டியில 20,000ன்னு இருக்கும்போது என் பெட்டியில 300ன்னு இருந்தா ஈ ஓட்டணும் சார். எண்ணைப் போடறது நான் இல்ல.

இரவுமலை:
பிராண்டுக்காரங்க மட்டும் அரிச்சந்திரனா? நான் மலையேறப் போறவன். என் டார்ச் பெட்டியில 3,000 லூமன், கூடவே 2 மணி நேரம்னு இருக்கு. ரெண்டும் எஃப்.எல்.1 படி அளந்தது. ஆனா லூமனை அளக்கிறது சுவிட்ச் போட்ட 30 வினாடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள்ள. நேரத்தை எண்ணுறது வெளிச்சம் பத்துல ஒரு பங்கா இறங்குற வரைக்கும். சூடேறினதும் அதுவே குறைச்சுக்கும். கொஞ்ச நேரத்துல ஆயிரத்துக்குக் கீழ. ஆக 3,000மும் உண்மை, 2 மணி நேரமும் உண்மை, 3,000 லூமன் 2 மணி நேரம் எரியும்னு நெனச்சா அது மட்டும் பொய்.

ஓம்விதி:
அது நியாயமான புகார்தான். அதனால்தான் நேரம் போகப் போக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தைப் பார்த்து வாங்கச் சொல்கிறோம். ஆனால் ரெண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒன்று அளந்து போட்ட எண், மற்றது வாய்க்கு வந்த எண். இன்னொன்று: வெளிச்சம் ரெண்டு மடங்காகத் தோன்ற, லூமன் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆக வேண்டும். கண் இப்படி ஏமாறுவதால்தான் இந்தப் பெட்டிகள் பிழைக்கின்றன.

வயக்காட்டான்:
போன்ல லக்ஸ் ஆப் போட்டு, கதவைச் சாத்தி, டார்ச்சை மேல்தளத்துல அடிச்சுப் பாத்தேன். அப்புறம் பல்பு மட்டும் போட்டேன். டார்ச்சுக்கு வந்தது பல்புல பாதிகூட இல்ல.

கடைவீதி:
பல்பு நாலாபக்கமும் கொட்டும், டார்ச் மேல பட்டுத் திரும்பி வரும். ரெண்டையும் எப்படி ஒப்பிடுவீங்க? போன் சென்சாரும் தராசு இல்ல.

ஓம்விதி:
ஒப்புக்கொள்கிறேன். ஆய்வகத்தில் உள்பக்கம் வெள்ளை பூசிய பெரிய கோளத்துக்குள் விட்டு அளப்பார்கள். வீட்டில் செய்வதென்றால், லூமன் தெரிந்த இன்னொரு டார்ச்சோடு ஒப்பிடுவது மேல். ஆனால் வந்த அளவு மூணு மடங்கு தப்பு என்றே வையுங்கள், அப்போதும் 20,000 பக்கம் எட்டிப் பார்க்குமா?

வயக்காட்டான்:
சரி, வரப்புல பாம்பு கீம்பு கிடந்தா தெரியணும். இதையே வச்சுக்கலாமா?

கடைவீதி:
தாராளமா. ஜூமை உள்ள தள்ளி அகலமா வச்சுக்கங்க, காலடிக்கு 300 லூமன் போதும். செல்லை மட்டும் நகைக்கடைத் தராசுல போட்டுப் பாருங்க. நல்ல 18650 ஒண்ணு 45 கிராம் பக்கம் நிக்கும்.

வயக்காட்டான்:
31 கிராம்ண்ணே.

கடைவீதி:
அப்ப அதைத் தூக்கிப் போட்டுட்டு பேர் தெரிஞ்ச கம்பெனி செல் ஒண்ணு வாங்கிடுங்க. அதுவரைக்கும் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கப் போயிடாதீங்க.